ஆமென் மட்டும் சொல்லத் தெரிந்தவன்

என் மனைவி இறந்த பிறகு மாலை ஏழு மணிக்கு வீட்டில் இருக்க என்னால் இயலவில்லை. மற்ற நேரங்களில் இருந்தேன். காலையில் எழுந்து தேநீர் வைத்தேன். பள்ளிக்குச் சென்று பன்னிரண்டாம் வகுப்புக்குத் தமிழ் நடத்தினேன். திரும்பி வந்து விடைத்தாள் திருத்தினேன். ஆறரை ஆனதும் சட்டையை மாட்டிக்கொண்டு, கதவைப் பூட்டி, இராஜபாளையம் பேருந்து நிலையத்துக்கு நடந்துவிடுவேன். திருவில்லிபுத்தூர் செல்லும் வண்டி எதிலேனும் ஏறிச் சன்னலோரம் அமர்வேன். அங்கே இறங்கி ஒரு தேநீர் குடித்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்புவேன். வீட்டுக்குள் நுழையும்போது நன்றாக இருட்டியிருக்கும். அதற்கு மேல் வீடு என்னை ஒன்றும் செய்யாது.

ஏழு மணி எங்கள் குடும்ப ஜெபத்தின் நேரம். சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த கிறித்தவக் குடும்பம் எங்களுடையது. கூடத்தில் ஒரே பாயில் இருவரும் அமர்வோம். மகள் ஊரில் இருந்தவரை மூவர். மனைவிதான் ஜெபம் செய்வாள். காயத்துக்குக் கட்டும் துணி நெய்யும் ஆலை ஒன்றில் அவள் மேற்பார்வையாளர். பகல் முழுவதும் தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல், ஜெபத்தில் மட்டும் தணிந்துவிடும். மகளின் விடுதிச் சாப்பாட்டில் தொடங்கி, எல்லையில் பணியாற்றும் தன் தம்பியைத் தொட்டு, தறியில் விரலை நசுக்கிக்கொண்ட பெண், அடுத்த வீட்டுத் தெலுங்குக்கார அம்மாளின் முழங்கால், அன்று அவளை ஏற்றி வந்த பேருந்தின் ஓட்டுநர் என்று அவளுடைய வேண்டுதல் ஊரைச் சுற்றி வரும். நான் கண்ணை மூடித் தலை கவிழ்ந்திருப்பேன். அவள் முடித்ததும் “ஆமென்” என்பேன்.

திருமணமான நாள் முதல் ஜெபத்தில் என் பங்கு அந்த ஒரு சொல்தான். மேடையேறினால் ஒரு மணி நேரம் தடையின்றிப் பேசக்கூடியவன் நான். கடவுளிடம் பேச மட்டும் வாய் எழாது. அதை வீட்டில் யாரும் குறையாக நினைத்ததில்லை. “பேச வேண்டியதெல்லாம் நான் பேசிட்டேன். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க” என்பாள் மனைவி.

அவள் போன பின் ஏழு மணிக்குப் பாயை விரித்துக் கண்ணை மூடினேன். மூடிய மறுகணமே காது அவள் குரலுக்காகத் திறந்துகொண்டது. இத்தனை ஆண்டுகளில் அந்நேரத்தில் நான் கண்ணை மூடியதெல்லாம் அவள் தொடங்குவாள் என்பதற்காகத்தான். யாரும் தொடங்கவில்லை. நெஞ்சு அடித்துக்கொள்ள, எழுந்து வெளியே போய்விட்டேன். பேருந்துப் பயணங்கள் அன்று தொடங்கின.

குருதியழுத்தம் ஏறியது. மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். “மாத்திரை மட்டும் போதாது சார். டென்ஷன் குறையணும். செத்த நேரம் அமைதியா உட்கார்ந்து மூச்சைக் கவனிச்சுப் பழகுங்க” என்றார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகளோ வேறொரு மருத்துவம் வைத்திருந்தாள். அவள் நாள்தோறும் ஏழு மணிக்குத்தான் அழைப்பாள். நாள்தோறும் என் குரலோடு பேருந்தின் ஒலிப்பானும் அவளுக்குக் கேட்கும்.

“வீட்ட வாடகைக்கு விட்டுட்டு இங்க வந்துருங்கப்பா. வீட்ல இருக்க முடியாதவருக்கு வீடு எதுக்கு?”

“வேலை இருக்கேம்மா.”

“ரிட்டயர்மெண்டுக்கு எம்புட்டு நாள் இருக்கு? அரைப்பரீட்சை லீவுக்கு வாரேன். அப்பவும் பஸ்லயேதான் குடியிருக்கீங்கன்னா, கையோட கூட்டிட்டு வந்துருவேன்.”

அவள் சொன்னால் செய்வாள், தாயைக் கொண்டவள். அவள் கேட்டதில் தவறும் இல்லை. அந்த ஒரு மணி நேரம் என் வசப்படாவிட்டால், என் மனைவியும் நானும் கட்டிய அந்த வீட்டை விட்டுப் போக வேண்டியதுதான்.

தியான வகுப்பு ஒன்றைத் திருவில்லிபுத்தூரில் கண்டேன். பால்கோவாக் கடை ஒன்றின் மேல்மாடியில், சனிக்கிழமை மாலைகளில் நடந்தது. நடத்தியவர் என் வயதினர்; சுந்தரபாண்டியம் என்னும் ஊரில் வேளாண் குடும்பத்தில் பிறந்து, படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கட்டளை இடுவதுபோல்தான் அமைதியைக் கூட அறிவிப்பார்.

“முதுகு நேரா. கண்ணை மூடுங்க. மூச்சு வருதா, போகுதா, பாருங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். தூக்கம் வந்தா தூங்குங்க, கொறட்ட மட்டும் விடாதீங்க.”

“மூச்சு வரல சார், பால்கோவா வாசந்தான் வருது” என்றார் பின்வரிசையில் இருந்த ஒரு பெண். காவல்துறையில் தலைமைக் காவலர் என்று பின்னர் அறிந்தேன்.

“அது உள்ள போகட்டும்மா. காசில்லாமத் திங்கிறது நல்லதுதான்.”

கண்ணை மூடினேன். என்னை அறியாமல் தலை கவிழ்ந்தது. கைகள் மடியில் கோத்துக்கொண்டன. பயிற்றுநர் அருகில் வந்து, “என்ன சார், கோர்ட்ல நிக்கிற மாதிரி குனியிறீங்க? நிமிருங்க” என்றார். நிமிர்ந்தேன், மீண்டும் கவிழ்ந்தது. கீழே பால் சுண்டும் மணம் ஏறி வந்தது. யாரோ ஒருவர் இருமினார். மூச்சு எங்கே வருகிறது, எங்கே போகிறது என்பதை நான் பார்க்கவே இல்லை. கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லோரும் கண்ணை மூடி அமர்ந்திருக்கும் ஓர் அறையில், யாராவது ஒருவர் இப்போது பேசத் தொடங்க வேண்டும் என்பது என் உடம்பில் ஊறியிருந்தது.

பயிற்றுநர் சிறு மணியை ஒலித்தார்.

“ஆமென்” என்றேன். வகுப்பறையின் கடைசி இருக்கை வரை எட்டும் என் குரலிலேயே சொல்லிவிட்டேன். அது போதாதென்று பின்வரிசையிலிருந்து இன்னோர் “ஆமென்” எழுந்தது. அந்தக் காவலர். அறையே சிரித்தது.

பயிற்றுநர் சிரிக்கவில்லை, உண்மையிலேயே விளங்காமல் கேட்டார்: “நான் ஒண்ணுமே சொல்லலியே சார். எதுக்கு ஆமென்?”

எனக்கு விடை தெரிந்திருந்தது. குனிந்து பாயைச் சுருட்டினேன்.

திரும்பும் பேருந்தில் அந்தக் காவலர் எனக்கு முன்னிருக்கையில் அமர்ந்திருந்தார். திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “நாங்க ஆர்.சி. சார். எங்க வீட்ல ஜெபமால சொல்றப்ப பாதிய எங்க அம்மா சொல்லுவாவ, மிச்சத்த நாங்க சொல்லணும். நீங்க ஆமென்னதும் என் வாயி தானா தொறந்துட்டு. உங்க வீட்ல யாரு சொல்லுவா?”

“என் மனைவி சொல்லுவாங்க. கடைசி வார்த்தை மட்டும் என்னுது.”

“நல்ல பொழப்பு சார். அவியளயும் கிளாசுக்குக் கூட்டிட்டு வாங்க.”

“இப்போ இல்லைம்மா. போன வருஷம் தவறிட்டாங்க.”

அவர் முகம் மாறியது. செங்கோட்டைத் தொடர்வண்டிக்காகக் கடவுப்பாதையில் வண்டி நின்றது. பெட்டிகளின் வெளிச்சம் அவர்மேல் ஓடி முடிந்தது. இராஜபாளையத்தில் இறங்கும்போது, “அடுத்த வாரம் நீங்களும் கடைசி வரிசைக்கு வந்துருங்க சார். ஆமென் வந்தா ரெண்டு பேரும் மெதுவாச் சொல்லிக்கிடலாம்” என்றார்.

அடுத்த வாரம் கடைசி வரிசையில் அமர்ந்தேன். ஆமென் வரவில்லை, மூச்சும் அகப்படவில்லை. வகுப்பு முடிந்ததும் பயிற்றுநரிடம் சென்று, கண்ணை மூடினால் யாரோ பேசப்போகிறார்கள் என்று காத்திருக்கிறேன், அதை எப்படி நிறுத்துவது என்று கேட்டேன். அறிவுரை எதிர்பார்த்தேன். அவர் பாய்களைச் சுருட்டிக்கொண்டே, பனிமலையில் தாம் காவல் நின்ற கதையைச் சொன்னார்.

“ஏன் சார் நிறுத்தணும்? அங்கன ஒரு நரி கூட வராது. வராதுன்னு எனக்கும் தெரியும், அனுப்புன ஆபீசருக்கும் தெரியும். அதுக்குன்னு படுத்துரவா முடியும்? நிக்கிறதுதான் வேல. இருட்டுல வேற என்னத்தப் பார்க்க? மூச்சு பொகை மாதிரி மூக்குக்கு முன்னால வரும். அதப் பார்த்துக்கிட்டே நிப்பேன். இந்த வித்தைய நான் படிச்சதே அங்கதான். பொறவு வந்தவங்கதான் இதுக்குத் தியானம்னு பேர் வச்சாங்க.” அந்தப் பக்கப் பாயைச் சற்று எடுத்துத் தரும்படி என்னைப் பணித்தார்.

அதற்குப் பின்னும் பல மாலைகள் பேருந்தில்தான் கழிந்தன. இரண்டொரு முறை பாயை விரித்து, அமராமலே சுருட்டினேன். ஒரு முறை கண்ணை மூடிய பின் எழுந்து, செருப்பை மாட்டி, பேருந்து நிலையத்துக்குப் பாதி வழி நடந்து, வெட்கப்பட்டுத் திரும்பி, வீட்டு வாசல்வரை வந்து, மீண்டும் பேருந்து நிலையத்துக்கே போனேன்.

அரைப்பரீட்சை தொடங்கிய வாரத்தில் ஒரு நாள், செருப்பைக் கழற்றிப் படுக்கையறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு அமர்ந்தேன். தொலைவில் நூற்பாலையின் இரைச்சல் ஒரே சீராக இருந்தது. அடுத்த வீட்டில் குக்கர் கூவியது. கண்ணை மூடினேன், தலை கவிழ்ந்தது, நிமிர்த்தவில்லை. குரலுக்குக் காத்திருந்தேன். அது வராது. வராது என்பதை அறிந்தே காத்திருந்தேன். நெஞ்சு வழக்கம்போல் அடிக்கத் தொடங்கியது. எழவில்லை. மூக்கின் முனையில் காற்று குளிர்ச்சியாக நுழைந்து, வெதுவெதுப்பாக வெளியேறியது. சற்று நேரம் அதைப் பார்த்தேன், பிறகு தவறவிட்டேன், காது வாசற்பக்கம் போனது, மறுபடி மூச்சுக்கு வந்தேன். இதில் அமைதி என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. அவள் இல்லாத அறையில் அவள் இல்லாமல் அமர்ந்திருந்தேன், அவ்வளவுதான். அதுவரை அதை நான் ஒரு நாளும் செய்ததில்லை.

கைபேசி ஒலித்தது.

“என்னப்பா, பஸ் சத்தமே கேக்கல?” என்றாள் மகள்.

“வீட்லதாம்மா இருக்கேன்.”

“உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன். சும்மா உட்கார்ந்திருந்தேன்.”

“இந்நேரத்துலயா?”

“இந்நேரத்துலதான்.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது. பிறகு, “ஜெபம் பண்ணீங்களா?” என்றாள்.

“ஜெபம்னு சொல்ல முடியாதும்மா. அம்மா மாதிரி எனக்குப் பேச வராது.”

“சரி. லீவுக்கு வாரேன். சும்மா இருந்துட்டுப் போறதுக்கு.” வாடகையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டுப் படுக்கச் சொல்லி வைத்துவிட்டாள்.

நேரம் பார்த்தேன். ஏழரை கூட ஆகவில்லை. பேருந்தில் அந்த நேரம் தானே ஓடிவிடும். வீட்டில் அதை உடன் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்க வேண்டியிருந்தது. மீண்டும் கண்ணை மூடினேன். முடிந்தது என்று அறிவிக்க மணியடிப்பவர் யாரும் அங்கில்லை. கால் மரத்துப்போன பின், யாரும் ஒன்றும் சொல்லியிராத அந்த அறையில், ஆமென் என்று மெதுவாகச் சொல்லி எழுந்தேன். பாயைச் சுருட்டும்போதுதான் கண்டேன்: அதன் இடப்பாதியில், என் பக்கத்தில் மட்டுமே அமர்ந்திருந்திருக்கிறேன்.