இரட்டைத் தம்பி இல்லாத படம்

அற்புதசாமி பிழை திருத்துபவர். மலைக்கோட்டைக்குக் கீழே, பெரிய கடை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கலீல் பாயின் அச்சகம் இருந்தது. அதன் பின்கட்டில், ஜன்னலோரம், அவருடைய மேஜை. கல்யாணப் பத்திரிகை, ஜவுளிக்கடை நோட்டீஸ், மாதா தேர்ப்பவனி அறிவிப்பு என்று எது அச்சானாலும் அவருடைய சிவப்பு மையைத் தாண்டித்தான் வெளியே போக முடியும். பத்தொன்பது வருடமாக அப்படி.

ஸ்ரீரங்கத்திலிருந்து நாங்கள் மூன்று பேர் ஒரு கவிதைப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தோம். முப்பத்திரண்டு பக்கம். இருமாத இதழ் என்று போட்டிருக்கும், வரும்போது வரும். புரூப் பார்க்க நான்தான் பஸ் ஏறிப் போவேன். அப்படித்தான் அவர் பழக்கம்.

"தம்பி, 'மழை. பிறகு நாற்காலி'ன்னு இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலைங்க சார்."

"நாற்காலி நனைஞ்சுதா இல்லையா? அதையாவது சொல்லுங்க."

எனக்குத் தெரியாது. அவர் பெருமூச்சு விட்டு, அடுத்த பக்கத்துக்குப் போவார். கவிதைக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. உரைநடையில் ஓர் ஓட்டை இருந்தால் அதை அடைக்காமல் அவரால் எழுந்திருக்க முடியாது.

எழுபத்தொன்பதாம் வருடம் ஆடி மாதத்தில் 'பதினெட்டாம் உளவாளி' படம் வந்தது. ஊர் இரண்டாகப் பிரிந்தது. தென்னூரில் என் ஆபீசில் டிபன் நேரம் முழுக்க அதே சண்டை. காசைக் காவேரியில் போட்டாலும் மீனாவது பார்க்கும் என்றார்கள் பாதிப் பேர். மீதிப் பேர் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கும் டிக்கெட் எடுத்திருந்தார்கள். அச்சகத்தில் பைண்டிங் பார்க்கும் வெள்ளையம்மாள் நாலு தடவை பார்த்துவிட்டாள். நான் இரண்டு தடவை. பத்திரிகை நண்பர்களிடம் சொல்லவில்லை.

இரண்டாவது வாரம் அந்தப் படத்தின் பாட்டுப் புத்தகம் கலீல் பாயிடம் அச்சுக்கு வந்தது. தியேட்டர் வாசலில் விற்கிற எட்டுப் பக்கப் புத்தகம். முதலில் கதைச் சுருக்கம், பிறகு பாட்டுகள். சுருக்கத்தின் நாலாவது பத்தியில் வில்லன் டாக்டர் பாதாளன் விமானத்திலிருந்து எரிமலைக்குள் விழுந்து சாகிறான். ஆறாவது பத்தியில் அதே பாதாளன் பனி அரண்மனையில் கதாநாயகியைச் சிறை வைத்திருக்கிறான். எப்படி வந்தான் என்று ஒரு வார்த்தை இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அது. கலீல் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். மாலைக் காட்சிக்குப் புத்தகம் போயாக வேண்டும். அற்புதசாமி படத்தைப் பார்த்தவரில்லை, சினிமாவுக்கே போகாதவர். பேனாவை எடுத்து, ஆறாவது பத்தியில், 'இறந்த பாதாளனின் இரட்டைத் தம்பி' என்று சேர்த்தார். மூவாயிரம் பிரதி.

ஞாயிற்றுக்கிழமை மாட்டினியில் புத்தகத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்தவர்கள் கடைசி வரை அந்தத் தம்பிக்காகக் காத்திருந்தார்கள். அவன் வரவில்லை. "ரெட்டை சீனை வெட்டிட்டானுங்க!" என்று பெஞ்சிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. நாலு நாற்காலி உடைந்தது. ஆப்பரேட்டரை அறைக்குள் வைத்துப் பூட்டிக் காப்பாற்றினார்கள்.

திங்கட்கிழமை தியேட்டர் மேனேஜர் அச்சகத்துக்கு வந்தபோது நான் புரூப்போடு அங்கே இருந்தேன்.

"இதைச் செஞ்சவரை அனுப்பிருங்க பாய். இல்லேன்னா எங்க வேலை இனிமே இங்க வராது."

கலீல் பாய் மெதுவாகத் திரும்பினார். "அற்புதம், தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுங்களேன். நான் பேசிப் பாக்கறேன்."

"தப்பு அவங்க கதையிலங்க. செத்தவன் திரும்பி வரணும்னா ரெட்டையாத்தான் இருக்கணும். நான் எழுதித் தர மாட்டேன்."

"படத்துல இல்லையே!"

"கவனிச்சிருக்க மாட்டாங்க."

மூலையில் தாள் மடித்துக்கொண்டிருந்த வெள்ளையம்மாள் தலை நிமிராமல் சொன்னாள்: "சார் பாக்காமயே கண்டுபிடிச்சிட்டாரு. நான் நாலு வாட்டி பாத்தும் குருடி."

கலீல் பாய் கையை உயர்த்தினார். "புதன்கிழமை வரைக்கும் டைம். போய்ப் படத்தைப் பாருங்க. வந்து எழுதறதா, வீட்டுக்குப் போறதான்னு நீங்களே சொல்லுங்க. தம்பி, நீங்க கூடப் போங்க. இவரு ஸ்கிரீனுக்கே திருத்தம் போட்டுருவாரு."

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டேன். வெளியே இரண்டரை மணி வெயில். உள்ளே காலடி தெரியாத இருட்டு. பீடிப் புகைக்குள் ஒளி நீண்டு போய்த் திரையில் ஒரு நீல நகரத்தைத் திறந்தது. லண்டன் என்றார்கள். லண்டன் தெருவில் ஒரு மாட்டுவண்டி மெதுவாகப் போனது. அற்புதசாமி மடியில் வைத்திருந்த நோட்டில் எழுதிக்கொண்டார். உளவாளி மஞ்சள் சட்டையோடு கடலில் குதித்து, ஈரமில்லாத பச்சைச் சட்டையோடு எழுந்தான். எழுதிக்கொண்டார். நீர்மூழ்கிக் கப்பலின் ஜன்னலுக்கு வெளியே, கப்பலை விடப் பெரிதாக ஒரு தொட்டி மீன் நின்று எங்களைப் பார்த்தது. நிலா ஒரு நூலில் ஆடியது. பாதாளன் சிரித்துக்கொண்டே எரிமலைக்குள் விழுந்தான்.

இடைவேளையில் சோடா குடித்தபடி, "பதினேழு தப்பு, தம்பி. பாதிப் படத்துக்குள்ள" என்றார். பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "நீங்க வசனத்தை முன்னாடியே முணுமுணுக்கறீங்க."

நான் சோடாக் குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் பாதியில் பஞ்சு விழத் தொடங்கியது. பஞ்சுதான் பனி. திரை முழுக்க, சத்தமில்லாமல், ஒன்றையொன்று தொடாமல் விழுந்துகொண்டே இருந்தது. வெள்ளைக் குதிரை ஒன்று காரணமில்லாமல் குறுக்கே போனது. அரண்மனைக் கதவு திறந்தது. நாற்காலியில் அதே பாதாளன், அதே கோட்டு, ஒரு பொட்டுச் சாம்பல் ஒட்டாமல், மடியில் முயலோடு.

"வந்துட்டியா?" என்றான் உளவாளி.

"வந்துட்டேன்" என்றான் பாதாளன்.

அவ்வளவுதான். கொட்டகை விசிலில் அதிர்ந்தது. முன்வரிசையில் ஒருவர் துண்டைச் சுழற்றினார். இன்னொருவர் "அடச்சீ!" என்று எழுந்து வெளியே போய், கதவருகே நின்று மிச்சத்தையும் பார்த்தார். அற்புதசாமியின் பென்சில் அப்படியே நின்றது. அவர் இருமுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, முன் நாற்காலியின் முதுகில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு. நோட்டு கீழே விழுந்தது. அதை அவர் தேடவில்லை. பஞ்சின் வெளிச்சம் அவருடைய கன்னத்தில் விழுந்து விழுந்து நகர்ந்தது.

வெளியே வந்தபோது ஊர் இன்னும் முழுதாக நிஜமாகவில்லை. மலைக்கோட்டையை அட்டையில் வரைந்து யாரோ வானத்தில் சாய்த்துவைத்திருந்தார்கள். பாத்திரக் கடைகளும் வளையல் கடைகளும் விளக்குப் போட்டிருந்தன. அந்தச் சின்ன நகரத்துக்குள் நாங்கள் நடந்தோம்.

"ரெட்டை இல்லை" என்றார், வெகு தூரம் போன பிறகு.

"ஆமாங்க சார்."

"இருந்திருந்தா கெட்டுப்போயிருக்கும்." இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார். "ஐம்பத்திரண்டு வயசு, தம்பி. வேற அச்சாபீஸ்ல யாரு சேத்துக்குவா? வீட்டுல ரோசரிகிட்ட இன்னும் சொல்லலை. ஆனா நாளைக்கு எழுதிக் குடுத்துடறேன்."

புதன்கிழமை மேனேஜர் வந்ததும், யாரும் கேட்பதற்கு முன்பே அற்புதசாமி தாளை நீட்டினார். தன் கையெழுத்தில் இரண்டே வரி. 'படத்தில் இரட்டையர் இல்லை. தவறு என்னுடையது.'

மேனேஜர் படித்தார். "இதை வச்சு நான் என்னங்க பண்றது? ரெண்டாயிரம் புக்கு அப்படியே கிடக்குது."

"நானே வந்து அந்த வார்த்தைகளை அடிச்சுத் தரேங்க. சாயங்காலம் வேலை முடிஞ்சதும் வாசல்ல உக்காந்து, ஒவ்வொரு புக்குலயும், வாங்கறவங்க கண்ணு முன்னாடி. அப்புறம் எவனும் வெட்டிட்டாங்கன்னு சொல்ல மாட்டான்."

மேனேஜர் கலீல் பாயைப் பார்த்தார். கலீல் பாய் கூரையைப் பார்த்தார்.

"படம் எப்படி இருந்துச்சு?" என்று மேனேஜர் திடீரென்று கேட்டார்.

"அபத்தங்க. தலையும் கிடையாது, வாலும் கிடையாது." அற்புதசாமி கொஞ்சம் தயங்கினார். "வாசல்ல உக்காந்தா, மணி அடிச்சதும் உள்ள விடுவீங்களா?"

மேனேஜரின் மீசை முதலில் அசைந்தது. பிறகுதான் சிரிப்பு வந்தது. "விடறேன். ஆனா புக்கு முடியற வரைக்கும் ஒரு நாள் லீவு கிடையாது. ஒரு தகராறு வந்தாலும் பழைய பேச்சுதான்."

"அல்லாவே, இந்த ஆளுக்குத் தண்டனையா பரிசா?" என்றார் கலீல் பாய். அந்தத் தாளை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வெள்ளையம்மாள் ஊசியை வாயில் கடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை மாலை நான் தியேட்டருக்குப் போனேன். ராட்சச உளவாளி பேனருக்குக் கீழே ஒரு முக்காலியில் அற்புதசாமி உட்கார்ந்திருந்தார். புத்தகத்தை வாங்குவார், ஆறாவது பத்தி இருக்கும் பக்கத்தைப் பிரிப்பார், நாலு வார்த்தையின் மேல் நேராக ஒரு சிவப்புக் கோடு இழுப்பார், மை காய ஊதித் தருவார். அருகில் அவர் மனைவி ரோசரி, கோயிலுக்குப் போகிற சேலையில், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

புத்தகம் வாங்கிய ஒருவர் நகர மறுத்தார். "அப்போ எரிமலையில விழுந்தவன் எப்படிங்க திரும்பி வந்தான்?"

"அதைச் சொல்லவே மாட்டாங்க. நல்லா இருக்கும், போங்க."

மணி அடித்தது. அவர் பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டு அவசரமாக எழுந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க தம்பி, சீக்கிரம். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நீங்க உக்காந்துக்கங்க. இவ எல்லாத்துக்கும் ஏன், எப்படின்னு கேட்டுக்கிட்டே இருப்பா. என்னால படம் பாக்க முடியாது."