மழை பெய்தால் ஜெயிக்கும் அணி

எங்கள் ரப்பர் தோட்டத்துக் காற்பந்து அணியைப் போல ஒரு கிறுக்குப் பிடித்த அணியை நான் இந்த வயதுவரை பார்த்ததில்லை. பாலிங் ஊரிலிருந்து லோரி ஏறி வந்த பெரிய தோட்டத்து ஆட்களை ஐந்து கோல் போட்டு அழவைத்து அனுப்பினார்கள். அடுத்த சனிக்கிழமையே மெர்போக் பக்கம் ஒரு துக்கடா தோட்டத்திடம் மூன்று கோல் வாங்கினார்கள். அங்கே பதினொரு பேர்கூடச் சேராமல், கணக்கெழுதும் கிராணி வீட்டுச் சமையல்காரரைப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். மூன்றில் ஒன்று அந்தச் சமையல்காரர் போட்டது! அடப்பாவிகளா என்று வாயைப் பிளந்தவள், எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்குத் திரும்பும்வரை மூடவில்லை.

அணியில் முன்னால் நின்று ஆடுபவர் என் சித்தப்பா. அப்பாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். வெறுங்காலில் அவர் அடிக்கும் பந்தைத் தடுக்கக் கெடா மாநிலத்திலேயே ஆள் இல்லை என்று நான் பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டிருக்கிறேன். "பொம்பளப் புள்ளைக்குப் பந்துல என்னடி பைத்தியம்?" என்று அம்மா திட்டுவார். திட்டட்டும். எனக்கு அப்போது எட்டு வயது, உலகத்தில் வேறு கவலை இல்லை.

ஒருநாள் திடீரென்று பிடிபட்டது. ஜெயித்த நாளெல்லாம் காலையில் மழை பெய்த நாள்! மழை பெய்தால் பால்மரம் சீவ முடியாது. விடியலில் பெயர் கொடுக்கப் பிரட்டுக்குப் போனவர்கள் வேலையில்லை என்று திரும்பி வந்து இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார்கள். வெயில் நாளில் அப்படியில்லை. விடியுமுன்பே மரம் சீவி, பால் வாளிகளைத் தோளில் சுமந்து நடந்து, சாயங்காலம் அதே காலோடு திடலுக்கு வருவார்கள். இந்த வித்தியாசம் என் மண்டையில் ஏறவேயில்லை. மழைதான் எங்கள் ராசி என்று முடிவு கட்டினேன்.

எப்படியோ விழுந்து எழுந்து கோப்பை ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். "கோப்ப மட்டும் வரட்டும் பாப்பா, அதுல மொதத் தேத்தண்ணி ஒனக்குத்தான்லா," என்றார் சித்தப்பா. அதற்கப்புறம் எனக்குத் தூக்கமா வரும்? எங்கள் வீடு வேதக்கார வீடு. ஆட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. யாருக்கும் சொல்லாமல் மாதாவுக்கு நவநாள் தொடங்கினேன். ஆட்டம் முடிகிறவரைக்கும் மழையை நிறுத்தாதே தாயே, அவ்வளவுதான் வேண்டுதல்.

மாதா கேட்டுவிட்டார். இரண்டாம் நாள் பிடித்த மழை விடவேயில்லை. லயத்து வாசலில் பெரியவர்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றாடம் சீவினால்தான் அன்றாடக் கூலி. அம்மா அரிசி டின்னைக் கவிழ்த்துத் தட்டினார். "பாழாப்போன மழ, எவ கண்ணு பட்டுச்சோ!" என்றார். நான் ஜெபமாலையை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு சிரித்தேன். பெரியவர்கள் மூவரும் ஒரு வேளை மட்டும் மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தின்றார்கள். எனக்கு மட்டும் சோறு. கிழங்கு பிடிக்காதவளுக்கு அதுவும் மாதாவின் கருணையாகத்தான் தெரிந்தது.

சனிக்கிழமையும் கொட்டியது. போதாக்குறைக்கு ஒரு வாரம் முழுக்க எல்லோரும் ஓய்வெடுத்திருந்தார்கள். ஜெயிக்காமல் என்ன?

நான்கு கோல். நாங்கள் போட்டதல்ல, வாங்கியது. பாதி ஆட்டத்துக்கு மேல் எங்கள் ஆட்கள் ஓடவேயில்லை. எதிராளி இல்லாத இடத்தில் பந்து சித்தப்பா காலடிக்கு வந்தது. அவர் முழங்காலைப் பிடித்துக் குனிந்து நின்றார். பந்து தானாக உருண்டு வெளியே போனது. சித்தப்பாவா? என் சித்தப்பாவா?

வீட்டுக்கு வந்ததும் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். "ஒம்பது நாளா மாதாகிட்ட மழ கேட்டேன். மழையும் வந்துச்சு. நீங்கதான் ஓடல!"

அம்மா கையை ஓங்கினார். சித்தப்பா நடுவில் வந்து பிடித்துக்கொண்டார். "விடுங்க அண்ணி, புள்ள." பிறகு என்னிடம் குனிந்து, "மழ கேட்டத வெளிய யார்கிட்டயும் சொல்லிடாத பாப்பா," என்றார்.

அன்று பக்கத்து வீட்டிலிருந்து கைமாற்றாக வாங்கிய அரிசியில், ஆட்டக்காரர் என்று அம்மா சித்தப்பாவுக்கும் ஒரு தட்டில் சோறு போட்டு வைத்தார். அவர் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தோற்றுப் போனவருக்கு எதற்குச் சோறு என்று அந்தத் தட்டையும் நான் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். நான் கடைசிப் பருக்கைவரை தின்று முடித்தேன்.