டூ-பே போட்ட நாலு மூட்டை

அப்புசாமி மருதாளுக்கு முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய் கடன்பட்டிருந்தார். நோட்டில்லை, சாட்சியில்லை. முந்நூற்று எண்பத்து நாலு சனிக்கிழமை, சம்பளத்தை வாங்கிய கையோடு அதில் ஒரு நூறு ரூபாயை அவர் மேஜையிலேயே திருப்பி வைத்துவிட்டுப் போனாள் அந்தப் பெண்.

"உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க மொதலாளி. ஊட்டுக்குக் கொண்டு போனா எங்கண்ணன் குடிச்சுப்போடுவானுங்க" என்பாள்.

அப்புசாமியிடம் கொடுத்த காசு பேங்கில் போட்ட மாதிரி என்று ஊரே சொல்லும். மூலனூரில் மூன்றாம் வகுப்போடு சிலேட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, திருப்பூர் காதர்பேட்டைக் கடை ஒன்றில் பனியன் மடித்து டஜன் கட்டும் வேலைக்கு வந்தவர். இன்றைக்குச் சொந்தக் கம்பெனி, அறுபது மெஷின். கையெழுத்து இன்னும் கோணல்தான். ஆனால் துணியை இரண்டு விரலில் நிமிண்டிப் பார்த்தே எடை சொல்வார். தராசு அப்புறம் வந்து ஒத்துக்கொள்ளும். "என்னய ஏமாத்த இனிமேல்தான் ஒருத்தன் பொறக்கோணும்" என்பது அவர் தினமும் சொல்லும் வசனம்.

மருதாள் தாராபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம். தாத்தா காலத்திலிருந்தே சபைக்குப் போகும் குடும்பம். அப்புசாமியின் கம்பெனியில் பதினாலு வருஷம் ஓவர்லாக் மெஷினில் பனியனுக்கு ஓரம் அடித்தாள். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் ஒருநாள் வந்து நின்றாள். ஆப்பிரிக்காவில் மலாவி என்று ஒரு நாடாம், அங்கே கிராமத்துப் பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுக்கச் சபையிலிருந்து அனுப்புகிறார்களாம்.

"ஏனம்மிணி, இங்க தைக்க ஆளில்லாம பீகார்ல இருந்து ரயில்ல எறக்கிட்டிருக்கறேன். நீ கடல் தாண்டிப் போயித் தைக்கப் போறயா?"

"கர்த்தர் கூப்புட்டாருங்க."

"நான் பதினாலு வருசமா நைட் ஷிப்டுக்குக் கூப்புட்டேன், ஒரு நாள் வந்தயா?"

அவளும் சிரித்துவிட்டாள். சேர்த்து வைத்த காசைக் கேட்டபோதுதான் அப்புசாமி கையை மூடிக்கொண்டார். நல்ல டைலர் ஓடிவிடாமல் இருக்க ஒரு வாரக் கூலியைப் பிடித்து வைப்பது திருப்பூரில் நடக்கிறதுதானே. "எங்கிட்டயே இருக்கட்டும். அப்பத்தான் நீ திரும்பி வருவ. ஆறு மாசம் தாங்கமாட்ட, பாரு" என்றார்.

அவள் திரும்பி வரவில்லை. தையல் படிக்க வந்த ஒருத்தி காய்ச்சலில் செத்துப்போய், அவளுடைய இரண்டு பிள்ளைகள் தையல் மெஷினுக்கடியிலேயே படுத்துக் கிடந்தார்களாம். அந்த இரண்டு, நாளடைவில் நாற்பதானது. தகரக் கொட்டகை போட்டாள், கிணறு வெட்டினாள், மக்காச்சோளம் விதைத்தாள். ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் போன் பண்ணி, "நல்லாயிருக்கீங்களா மொதலாளி?" என்பாள். காசைப் பற்றிப் பத்து வருஷம் வாயே திறக்கவில்லை.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் திறந்தாள். சிசோமோ என்று ஆறு வயதுப் பெண்பிள்ளை. நாலெட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறது, உதடு நீலமாகிறது. தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்து வைத்தியம் பார்க்க நம் காசுக்கு எண்பத்தைந்தாயிரம் வேண்டும். சபை சபையாக அலைந்து நாற்பத்தேழாயிரம் சேர்த்துவிட்டாள்.

"என்ற காசக் குடுத்தீங்கன்னா கூட்டிட்டுப் போயிருவனுங்க."

நூல் விலை ஏறிக் கிடந்த நேரம். சனிக்கிழமை சம்பளத்துக்கே அப்புசாமி புரட்டிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் தன்னிடம் பணம் இல்லை என்று சொல்ல அவர் நாக்கு பழகியதில்லை.

"முப்பத்தெட்டாயிரம் ஒரு காசா? லட்ச ரூபாய்க்குச் சரக்கே அனுப்பறேன், போ. கொஞ்சம் வித்தீன்னா வைத்தியத்துக்கு ஆச்சு. மிச்சத்த எல்லாக் கொழந்தைகளுக்கும் போட்டு உடு."

"பணமா இருந்தா நல்லதுங்க..."

"அப்புசாமி சொன்னாச் சொன்னதுதான் அம்மிணி. கப்பல்கூட இல்ல, ஏரோப்ளேன்லயே வருது பாரு!"

குடோனில் கிடந்த பனியனில், லேசாக எண்ணெய்க் கறை பட்டதெல்லாம் சேர்த்து நாலு மூட்டை கட்டினார்கள். பார்சல் ஆபீசிலிருந்து கம்பெனிக் குமாஸ்தா சசிகுமார் போன் பண்ணினான்.

"அய்யா, பெய்டுங்களா, டூ-பேங்களா?"

பெய்டு என்றால் வாடகையை அனுப்புகிறவர் கட்ட வேண்டும். டூ-பே என்றால் வாங்குகிறவர் கட்டி எடுக்க வேண்டும். கல்கத்தாவுக்குப் போனாலும் கான்பூருக்குப் போனாலும் அப்புசாமியின் மூட்டை நாற்பது வருஷமாக டூ-பேயில்தான் போகிறது. அன்றைக்கு அவர் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தார். முன்னால் இலை.

"எப்பவும் போலப் போட்றா" என்று சொல்லிவிட்டுப் பாயசத்தை அப்பளத்தோடு பிசைந்தார்.

பத்து நாள் கழித்து மலாவியிலிருந்து இரண்டு தரம் அழைப்பு வந்திருந்தது. நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறாள், சாவகாசமாகப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

அப்புறம் ஒரு போட்டோ வந்தது. தகரக் கொட்டகை முன்னால் வரிசையாகப் பிள்ளைகள், எல்லார் மேலும் அப்புசாமியின் பனியன். அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டினார். யார் வந்தாலும் காட்டுவார். "ஆப்பிரிக்காவுல நாப்பது கொழந்தைக நம்ம பனியன்லதான் திரியுது! அதுல ஒரு புள்ளைக்கு உசுரே நம்மாலதான்." நூறு தரமாவது சொல்லியிருப்பார். வந்தவர்கள் நூறு தரமும் தலையாட்டினார்கள்.

போன மாசம் தாயாரை அடக்கம் பண்ண மருதாள் ஊருக்கு வந்தாள். திரும்பிப் போவதற்கு முன்னால் கம்பெனிக்கும் வந்தாள். முடி பாதி நரைத்திருந்தது. அப்புசாமி எழுந்துபோய்க் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிவந்து போட்டோவுக்கு முன்னால் நிறுத்தினார்.

"இதுல அந்தப் புள்ள எது? சிசோமோ. உன்ற வாயால சொல்லு, இந்த ஆபீஸ்காரனுகளுங் கேக்கட்டும்."

மருதாள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். "அவ இதுல இல்லீங்க."

"ஆஸ்பத்திரியில இருந்தாளா?"

"இல்லீங்க மொதலாளி. இது புடிக்கறதுக்கு ஒம்பது நாளைக்கு முன்னாலயே போயிட்டாளுங்க."

அவரே வற்புறுத்திக் கேட்கப் போய்த்தான் அவள் சொன்னாள், அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டு. மூட்டை வந்த தாளில் டூ-பே என்று இருந்தது. வாடகையும் வரியும் நாற்பத்தோராயிரம். இரண்டு தரம் போன் போட்டாள், எடுக்கவில்லை. லட்ச ரூபாய்ச் சரக்கு, கொஞ்சம் வித்தாலே வைத்தியத்துக்கு ஆகுமென்று மொதலாளி சொல்லியிருக்கிறார், மொதலாளி சொன்னால் சொன்னதுதான் என்று வைத்தியத்துக்குச் சேர்த்த காசைக் கட்டி எடுத்தாள். சந்தையில் வெளிநாட்டுப் பழந்துணி மலையாகக் குவிந்து கிடந்தது. கறை பட்ட பனியனை எவரும் சீந்தவில்லை. மூன்று வாரம் சந்தை சந்தையாகத் தலையில் சுமந்தாள். நாலாவது வாரம் சுமக்க அவசியமில்லாமல் போய்விட்டது.

"மிச்சத்தக் கொழந்தைகளுக்குப் போட்டு உட்டனுங்க. அவளுக்கும் ஒண்ணு போட்டுத்தான் பொதைச்சமுங்க. மஞ்சக்கலரு."

"ஏம்மிணி அப்பவே எங்கிட்டச் சொல்லல?"

"தெரிஞ்சா நீங்க சங்கடப்படுவீங்கன்னுதானுங்க."

அப்புசாமி ஆணியிலிருந்து போட்டோவைக் கழற்றி, முகம் சுவர்ப்பக்கம் இருக்கும்படி கீழே சாய்த்து வைத்தார். பீரோவைத் திறந்து இரண்டு லட்ச ரூபாய்க் கட்டை எடுத்து நீட்டினார்.

மருதாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாமுங்க. என்ற காசு மட்டும் போதுமுங்க. தை, மாசியில அங்க பஞ்சமுங்க. இப்பவே மாவு மூட்டை வாங்கிப் போட்டரோணும்."

"வட்டியாவது..."

"என்ற காசு மட்டுமுங்க, மொதலாளி."

சசிகுமார் எண்ணும் மெஷினைக் கொண்டுவந்தான். அப்புசாமி அதைத் தள்ளி வைத்தார். கட்டைப் பிரித்து, விரலை எச்சிலில் தொட்டார். அவள் கையை முன்னால் கொண்டுவந்து விரித்தாள். ஆள்காட்டி விரலில் ஊசி ஏறிய பழைய தழும்பு அப்படியே இருந்தது.

ஐந்நூறு ரூபாய்த் தாளாக ஒவ்வொன்றாய் வைத்தார். நாற்பதைத் தாண்டியதும் கண் மறைத்தது, கணக்கு விட்டுப்போயிற்று. மனக்கணக்கில் ஆடிட்டரையே மடக்குகிற மனுஷன். அவள் வாங்கியதையெல்லாம் பேசாமல் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடியும் கையை விரித்தாள். அவர் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். எழுபத்தாறு ஐந்நூறு. அதன் மேல் நாலு நூறு.