மச்சாண்டாரைப் பார்த்த சாட்சி

எனக்குத் தெரிந்து என் அம்மா ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கிறாள். அதையும் கோர்ட்டுக் கூண்டில் ஏறி, சத்தியம் செய்துவிட்டுச் சொன்னாள்.

அம்மாவும் அவள் அக்காவும் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். தியாகதுருகத்தில் அடுத்தடுத்த வீடு, நடுவே ஓலைப்படல். பெரியப்பா அம்மாவுக்கு மச்சாண்டார். கணவனின் அண்ணன் எதிரே வந்தால் தம்பி மனைவி ஒதுங்கி நிற்க வேண்டும், நிமிர்ந்து முகம் பார்க்கக் கூடாது. அப்படிப்பட்ட மரியாதைக்குரியவர் ஒரு மத்தியானம் உலக்கையால் பெரியம்மாவின் கையை உடைத்தார். படல் இடுக்கு வழியே அம்மா அதைப் பார்த்தாள்.

பெரியம்மா போலீசுக்குப் போனாள். கள்ளக்குறிச்சிக் கோர்ட்டில் அம்மாவிடம், "நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டபோது, "அக்கா சொன்னாங்க" என்றுவிட்டாள். அப்படியும் பெரியப்பாவுக்குத் தண்டனை விழுந்தது. அவர் ஜாமீனில் வந்து அப்பீல் போட்டார். பெரியம்மா எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். அப்பா யார் பக்கமும் பேசவில்லை. பேச்சு எடுத்தாலே மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். எங்கள் மாடுகள் அந்தக் காலத்தில் குடித்த தண்ணீருக்கு அளவே இல்லை.

அப்பீல் விசாரணைக்கு விழுப்புரம் போக வேண்டும். இட ஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியல் ஓய்ந்திருந்தாலும் மறியல்காரர்கள் வெட்டிப்போட்ட புளியமரங்கள் ரோட்டிலேயே கிடந்தன. பஸ் பாதியில் நின்றது. அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒவ்வொரு மரமாக ஏறி இறங்கினாள். பின்னால் பெரியம்மா, அவளுக்குப் பின்னால் பத்து வயது நான்.

"இன்னாம்மா, திரும்பிப் போங்க. அந்தாண்ட பஸ்ஸு வருமோ வராதோ" என்றார் மரம் அறுத்துக்கொண்டிருந்தவர்.

"வரலைன்னா நடந்துக்கினே போறோம்" என்றாள் அம்மா.

கோர்ட்டில் பெரியப்பாவின் வக்கீல் அம்மாவின் பழைய வாக்குமூலத்தைப் படித்தார். இந்தம்மா எதையும் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதைச் சொல்லியிருக்கிறார், கேள்விப்பட்டது சாட்சியாகாது என்றார். வழுக்கி விழுந்து உடைந்த கைக்குத் தன் கட்சிக்காரர் என்ன செய்வார் என்றும் கேட்டார்.

அம்மா பின் பெஞ்சிலிருந்து எழுந்தாள். "நான் பாத்தங்கய்யா. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"அப்ப ஏம்மா அன்னைக்கே சொல்லல?" என்றார் நீதிபதி.

"மச்சாண்டார நிமிந்து பாத்தேன்னு சபையில எப்படிங்க சொல்றது?"

வக்கீல்கள் சிரித்தார்கள். இங்கே புதிதாகச் சாட்சி கேட்பதில்லை, கீழ்க்கோர்ட்டில் எழுதியதைத்தான் பார்ப்போம், உட்காருங்கள் என்றார் நீதிபதி. அம்மா உட்காரவில்லை. திரும்பி, பெரியப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்தான் குனிந்தார்.

பெரியப்பா விடுதலையானார். மறுவாரமே கேஸில் ஜெயித்ததற்கு ரோஜா மாலை போட்டுக்கொண்டு, பெண்டாட்டியை அனுப்பச் சொல்லி எங்கள் வாசலுக்கு வந்தார். அப்பா மாட்டுக்கொட்டகைப் பக்கம் நழுவினார். அம்மா ஒதுங்காமல் வாசற்படியின் நடுவில் நின்றாள்.

"அக்கா வராது. நீங்க போங்க" என்றாள். முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

அவர் போய்விட்டார். மறுபடி எங்கள் படியேறவே இல்லை.

எனக்கோ அம்மாவின் மேல் ஒரே கோபம். வக்கீல்கள் சிரித்ததுதான் மனதில் நின்றது. பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால், "எங்கம்மாவாலதான் கேஸு தோத்துப் போச்சு" என்று சொல்லித் திரிந்தேன். ராத்திரி என் பக்கத்தில் படுத்த பெரியம்மா எங்கள் வீட்டில் பயமில்லாமல் தூங்கினாள் என்பது எனக்கு அப்போது ஒரு விஷயமாகவே படவில்லை.