ஆத்மநாதனின் பாதிப் பீப்பாய்

பொழுது விடிந்ததும் கொல்லைக் கிணற்றில் தண்ணீர் இறைத்து, குடம் குடமாகச் சுமந்து வந்து, கடை வாசலில் கிடக்கும் தார்ப் பீப்பாயில் ஊற்றுவார் ஆத்மநாதன். முழுப் பீப்பாய் அல்ல. ரோடு போட்டவர்கள் விட்டுப்போனதைக் குறுக்கே வெட்டி, தார் வாடை போகும்வரை சாம்பல் போட்டுத் தேய்த்து எடுத்த பாதி. அது நிறைந்து வழிந்த பிறகுதான் கடைப் பலகைகளைக் கழற்றுவார். மனிதர்கள் குடிக்கப் பக்கத்தில் ஒரு மண்பானையும் உண்டு. ஆனால் அதை அவர் எட்டிப் பார்த்து நான் கண்டதில்லை. முதல் மரியாதை மாட்டுக்குத்தான்.

எங்கள் ஊர்க் கடைவீதியில் அவருக்குக் கயிற்றுக் கடை. மூக்கணாங்கயிறு, மாடு கட்டும் தும்பு, சாட்டைவார், சலங்கை, அச்சுக்குப் போடும் வண்டி மை எல்லாம் கிடைக்கும். ஐம்பதைத் தாண்டிய கனத்த சரீரம். கயிற்றின் உறுதியை யாராவது சந்தேகித்தால் போதும், அதை விட்டத்தில் போட்டு, இரண்டு காலையும் மடக்கிக்கொண்டு தொங்கிக் காட்டிவிடுவார். “என்னையே தாங்குது, ஒங்க கன்னுக்குட்டியத் தாங்காதா? உண்டா இல்லையா?” என்று தொங்கியபடியே கேட்பார். விட்டம் முனகுவதைக் கேட்டதும், வந்தவர் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போய்விடுவார். இந்த “உண்டா இல்லையா” இல்லாமல் அவருக்குப் பேச்சு முடியாது.

சந்தை நாளில் ஆலங்குடிப் பக்கத்திலிருந்து கடலையும், அன்னவாசல் பக்கத்திலிருந்து நெல்லும் ஏற்றிக்கொண்டு வண்டிகள் வரும். மாடுகளுக்கு அந்தப் பீப்பாய் நன்றாகத் தெரியும். யாரும் கயிற்றை இழுக்க வேண்டியதில்லை, தாமாகவே நின்றுவிடும். மாடு நின்றால் வண்டிக்காரர் இறங்குவார். இறங்கினால் ஒரு சாட்டைவாராவது வாங்குவார். ஆத்மநாதனின் வியாபார ரகசியம் இவ்வளவுதான்.

ஆனால் வீதி என்ன ஆகும்? அவிழ்த்துப் போட்ட வண்டிகளின் நுகத்தடிகள் வழி நெடுகத் தரையில் கிடக்கும். நுகத்தடியைத் தாண்டினால் பாவம் என்று பெண்கள் சுற்றிப் போவார்கள். சுற்றிப் போகும் இடத்திலும் ஒரு நுகத்தடி கிடக்கும். ஒரு சந்தை நாளில், பின்னுக்கு நகர்ந்த வண்டி ஒன்று பானைக்கார மூக்காயியின் பானைகள் மேல் ஏறி, அத்தனையையும் ஓடாக்கிவிட்டுப் போயிற்று.

அந்த வருஷம்தான் நகரசபைத் தேர்தல். மெம்பர் பதவிக்கு நின்று ஓட்டுக் கேட்டு வந்த ஆத்மநாதனை மூக்காயி விட்டு வைக்கவில்லை. “ஒன் பீப்பாயாலதானப்பு இம்புட்டுக் கூட்டமும். மாட்டுக்குத் தண்ணி வச்சே, சரி. எங்களுக்கு நடக்கத் தடம் வச்சியா?”

ஆத்மநாதன் வீதியை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, “வண்டியெல்லாம் நிறுத்த ஒரு வண்டிப்பேட்டை போட்டுத் தாரேன் ஆத்தா” என்றார். ஓட்டுக் கேட்கப் போனவர்கள் ஆயிரம் சொல்வார்கள். இந்த மனிதர் சொன்னதை மறக்கவில்லை. அதுதான் அவருடைய கோளாறு.

ஜெயித்ததும் சபையில் இதே பாட்டுத்தான். ரோடு போடவே பணமில்லை, வண்டி நிறுத்தவா செலவழிப்பது என்றார்கள். “நிறுத்த எடம் இல்லாட்டி நீங்க போடுற ரோட்டுலதாங்க நிப்பான்” என்றார் இவர். கண்ணுசாமி என்ற மெம்பர் எழுந்து, “அன்னவாசல்காரன் மாட்டுக்கு நம்ம ஊருக்காரன் வரி கட்டணுமா?” என்று கேட்டார். “அந்த மாடு இழுத்தாந்த நெல்லைத்தானங்க நீங்க காலையில இட்டிலியாத் தின்னீங்க? உண்டா இல்லையா?” சபையே சிரித்துவிட்டது, கண்ணுசாமி உட்பட. இப்படிச் சிரிக்க வைத்தும் கெஞ்சியும் மூன்று வருஷம் மல்லுக்கட்டிப் பேட்டைக்குச் சம்மதம் வாங்கிவிட்டார். கடைவீதிக் கோடியில் கருவை மண்டிக் கிடந்த வெளியைத் திருத்தி, கல்தூண் நட்டு, ஓடு வேய்ந்த கொட்டகை போட்டார்கள். அதோடு பணம் தீர்ந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டியை அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்று முடிந்தது.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை என்று ஊர் சிரித்தது. வண்டிகள் பேட்டைக்குப் போய்விட்டால் கயிற்றுக் கடைக்கு யார் வருவார்கள்? பேட்டை வாசலில் இருளாண்டி என்பவர் அதற்குள் ஒரு கயிற்றுக் கடையைத் திறந்துவிட்டார். “அந்த எடத்த நீங்க புடிச்சிருக்கலாம்ல? ரெண்டு பொண்ணு வீட்டுல நிக்கிது” என்று ஆத்மநாதனின் மனைவி சொர்ணவல்லி என் எதிரிலேயே கேட்டார். “நான் கேட்டு வாங்குன பேட்டையில நானே கடை வச்சா, இதுக்குத்தான் கேட்டான்னு ஊரு பேசும். உண்டா இல்லையா?” என்றார். அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார். அவர் போனதும் ஆத்மநாதன் என்னிடம் தாழ்ந்த குரலில், “பயமாத்தான் இருக்கு சார்” என்றார். அன்று அவர்மேல் எனக்கு இருந்த மதிப்பு இரட்டிப்பாயிற்று. பயமில்லாதவன் செய்வதில் என்ன பெருமை இருக்கிறது?

பேட்டை திறந்த பிறகு முதல் சந்தை போன வாரம் கூடியது. வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். வண்டிகள் வந்தன. வந்தவை நேரே ஆத்மநாதன் கடை வாசலில் நின்றன! “பேட்டையில தண்ணி இல்லைங்களே, மாடு எப்படிங்க போவும்?” என்றார் முதல் வண்டிக்காரர். வீதி பழையபடி அடைபட்டது. நுகத்தடிகள் இறங்கின. ஒருவர் தும்பு கேட்டார், ஒருவர் சாட்டைவார் கேட்டார். சொர்ணவல்லியின் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு சிரிப்பைப் பார்த்தேன். தெய்வமே வழிவிட்டது போல இருந்தது. நகரசபையில் பணம் இல்லை, அதற்கு இவர் என்ன செய்வார்? யாரும் குறை சொல்ல முடியாது.

எதிர்ச்சாரியில் மூக்காயி கூடையை இறக்க இடமில்லாமல் தலையிலேயே பானைகளோடு நின்றுகொண்டிருந்தாள். பீப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆத்மநாதன் எடுத்த தும்பைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு இறங்கினார். பீப்பாயை ஒரே தள்ளாகச் சாய்த்தார். காலையில் சுமந்து ஊற்றிய தண்ணீர் அத்தனையும் சாக்கடைக்கு ஓடிற்று. “பூட்டுங்கய்யா வண்டிய” என்றார். காலிப் பீப்பாயைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, தலை நிமிராமல், பேட்டை வாசலில் இருளாண்டி கடை இருக்கும் திசையில் நடக்கத் தொடங்கினார். யாரும் அதட்டவில்லை, சாட்டை வீசவில்லை. சலங்கைகள் குலுங்க, மாடுகள் பீப்பாயின் பின்னால் போயின.