அடுத்த கம்பம் வரைக்கும்

பங்காருபேட்டையைத் தாண்டி, தண்டவாளத்தை ஒட்டி நொண்டிக்கொண்டே போனேன். பெங்களூரில் சாரம் சரிந்து முறிந்த கணுக்கால் கோணலாகக் கூடியிருந்தது. நிற்க முடியாதவன் எதற்கு என்று மேஸ்திரி அன்று காலையில்தான் அனுப்பிவிட்டான். அன்று பந்த். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, பங்காருபேட்டையில் மாறி ஏற வேண்டிய ரயிலும் போய்விட்டது. எங்கள் தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் தங்கை ஸ்டெல்லா இருக்கிறாள். எனக்கு மிச்சமிருந்த ஒரே வீடு அதுதான். ஊர் ஊராய்த் திரிந்த என்னை அவள் சேர்ப்பாளா என்பதும் தெரியாது.

கால் வீங்கியது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். காலைச் சரியாக்கும், இல்லை என்னை எடுத்துக்கொள்ளும் என்று வாய்விட்டு ஜெபித்தேன். எங்களுக்குப் பெரிதாகக் கேட்டுத்தான் பழக்கம். அப்பாவின் நெஞ்சில் அடைத்த மைன்ஸ் தூசி இறங்கக் கேட்டோம். இறங்கவில்லை. மூடிய மைன்ஸ் திறக்கக் கேட்டே எங்கள் சபையார் கிழடானார்கள். திறக்கவில்லை. அன்றும் வானம் சும்மாதான் இருந்தது.

வீட்டு வேலை முடித்து நடந்து வந்த செல்வி என்ற அக்கா என்னைப் பார்த்து நின்றார்.

"இன்னாண்ணா, இங்கியே குடியிருக்கப் போறீங்களா?"

கோரமண்டல் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"அத்த மட்டும் கேக்காதீங்க. மைன்ஸ் ஷாப்ட்ல ஆளுங்கள ஏத்தி எறக்குற கேஜ் நின்னுட்டா எங்க வூட்டுக்காரரு ஏணியிலதான் ஏறி வருவாரு. மேல எவ்ளோ இருக்குதுன்னு கேட்டவன் அங்கியே உக்காந்துடுவானாம். அடுத்த லெவல் வரிக்கும்தான் பேச்சு. நீங்க அந்தக் கரெண்ட் கம்பம் வரிக்கும் வாங்க. ஜெபத்த நடந்துக்கினே பண்ணுங்க."

எழுந்தேன். ஆண்டவரே, அந்தக் கம்பம் வரைக்கும் போதும் என்றேன். கிடைத்தது. உட்கார்ந்தேன், மறுபடி கேட்டேன். அதுவும் கிடைத்தது. அதுவரைக்கும் என் வாழ்க்கையில் கேட்டு உடனே கிடைத்தது அவ்வளவுதான். வலி குறையவே இல்லை.

பொழுது சாயும்போது ஸ்டெல்லாவின் கதவைத் தட்டினேன். திறக்கட்டும் என்று மட்டும் கேட்டேன். திறந்தாள். வா என்று சொல்லவில்லை. வழிவிட்டு நகர்ந்து நின்றாள்.

சபையிலுள்ள பிரியமானவர்களே, என் கால் இன்றும் கோணல்தான். ஏன் என்று கர்த்தரிடம் இன்னும் கேட்கிறேன். ஆனாலும் அன்று என்னை நடக்கவைத்தவர் அவர். அதற்கு நன்றி சொல்லாமல் ஒருநாளும் படுப்பதில்லை. பெரிதாகக் கேட்டு மனம் கசந்தவர்கள் இருந்தால், இன்றைக்கு எட்டுகிறதை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

ஸ்டெல்லா வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று கர்த்தரிடம் கேட்டேன். ஸ்டேஷன் பக்கத்து ஓட்டலில் வெங்காயம் உரிக்க உட்காரவைத்தார்கள். மதியம் வரை அழுதேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.