பெண் குரல் இல்லாத ரெக்கார்டுகள்

சுருளிப்பட்டியில் திராட்சை போடுகிறவனுக்கு ஜாஸ் எதற்கு என்று என்னைக் கேட்காத ஆள் கிடையாது. எப்படியோ பிடித்துத் தொலைத்தது, அவ்வளவுதான். குமுளியில் விடுதி நடத்திய ஒரு சேச்சிக்கு வாராவாரம் பழம் கொண்டுபோய்க் கொடுப்பேன். விருந்தாளிகளுக்காக அவர் ஓடவிட்டிருந்த ரெக்கார்டை, ஒருநாள் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுக் கடைசிவரை நின்று கேட்டேன். பிறகு பழைய பிளேயர் ஒன்று வாங்கினேன். கொச்சியில் ஒரு வியாபாரியைப் பிடித்து, ஃபோனிலேயே சொல்லிச் சொல்லி ரெக்கார்டு வரவழைத்தேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் பீரோவில் இரண்டு தட்டு நிறைந்துவிட்டது.

என் மனைவிக்கு அந்தச் சங்கீதம் ஆகாது. "சொல்ல வந்ததச் சொல்லாம அங்கனயும் இங்கனயும் சுத்திக்கிட்டே இருக்காக" என்பாள். ஆனால் ஒருநாளும் நிறுத்தச் சொன்னதில்லை.

அந்த இசையில் டிரம்ஸ் அடிக்கிறவர் சில நேரம் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கம்பிப் பிரஷ்ஷால் தோலை மெல்லத் தடவுவார். எனக்கு உயிரே அந்தச் சத்தம்தான். புதிதாக வந்த ஒரு ரெக்கார்டில் அது இல்லவே இல்லை. கொச்சிக்காரரை ஃபோனில் காய்ச்சி எடுத்தேன். மனுஷன் பேசாமல் வேறு ஒன்று அனுப்பினார். அதிலும் இல்லை. பிளேயரின் ஊசியை மாற்றிப் பார்த்தேன், அப்போதும் இல்லை. கடைசியில் மனைவியைக் கூப்பிட்டு, ஊசி சரியாக இருக்கிறதா பார்க்கிறேன், இதில் தடவுகிற மாதிரி ஏதாவது கேட்கிறதா என்று கேட்டேன்.

"கேக்குதே. மாவு சலிக்கிற மாதிரி சரக்கு சரக்குன்னு."

ரெக்கார்டிலும் கோளாறு இல்லை, ஊசியிலும் கோளாறு இல்லை.

வீட்டில் உர மூட்டை எடுக்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுத் தேனிக்குப் போய்க் காது டாக்டரைப் பார்த்தேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். வெகுநேரம் பட்டனை அமுக்காமலே உட்கார்ந்திருந்தேன். பரிசோதனை முடிந்துவிட்டது என்று நான் நினைத்த நேரத்தில் அது நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. மருந்தடிக்கிற மோட்டார் மெஷினை முதுகில் மாட்டிக்கொண்டு எத்தனை வருஷமாக அடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். இருபத்தஞ்சு இருக்கும் என்றேன். காதில் எதையாவது வைத்து அடைத்துக்கொள்வீர்களா என்றார். சிரித்தேன். எங்கள் பக்கம் மூக்கில் துண்டு கட்டுவதே பெரிய விஷயம்.

"மெல்லிசான சத்தம் முதல்ல போகும், தடிச்ச சத்தம் கடைசியாப் போகும். போனது திரும்ப வராது. காது மெஷின் வாங்கிப் போட்டுக்கங்க. வீட்ல சொல்லி வச்சிருங்க" என்றார்.

நான் சொல்லவில்லை. மெஷினும் வாங்கவில்லை. என் அப்பாவுக்கும் இதே கதைதான். எதையும் இரண்டுதரம் சொல்ல வேண்டியிருக்கிறது என்று வீட்டில் ஒவ்வொருத்தராக அவரிடம் பேசுவதை விட்டார்கள். முதலில் விட்டவன் நான். அவர் சாப்பிட உட்கார்ந்தால் தட்டை நகர்த்தி வைப்போம், அதுதான் பேச்சு. அந்த நிலைமை எனக்கு வரக்கூடாது, வந்தாலும் யாருக்கும் தெரியக்கூடாது. வீம்பு என்றால் வீம்புதான், பயம் என்றாலும் சரிதான்.

அதனால் இருக்கிற காதை எதற்குச் செலவு பண்ணலாம் என்று யோசிக்க ஆரம்பித்தேன். ரெக்கார்டு சேகரத்தைப் பெரிசாக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஒரு நோட்டில் பட்டியல் எழுதி வைத்திருந்தேன். அதுவரை நான் தேர்ந்தெடுத்த லட்சணம், அட்டைப்படம் பிடித்திருந்தால் வாங்குவது, கொச்சிக்காரர் நல்லது என்று சொன்னால் வாங்குவது. இப்போது பட்டியலை முதலிலிருந்து பார்த்தேன். மருந்துப் புட்டியில் அளவு பார்க்கிற மாதிரி, ஒவ்வொரு ஆல்பத்திலும் யார் யார் என்ன வாசிக்கிறார்கள் என்று பார்த்தேன். டிரம்பெட் முன்னால் நிற்கிறதா, வேண்டாம். சிம்பல் தட்டு நிறைய இருக்கிறதா, வேண்டாம். ஆள் உயரத்துக்கு நிற்குமே அந்த டபுள் பேஸ், அது இருந்தால் வேண்டும். பியானோவும் பேஸும் மட்டும் என்றால் கண்டிப்பாக வேண்டும். அடித்தொண்டையில் உறுமுகிற பெரிய சாக்ஸபோன் வேண்டும்.

பெண்கள் பாடுகிற ஆல்பங்கள் பட்டியலில் ஏழெட்டு இருந்தன. ஃபோனில் கொஞ்சம் கொஞ்சம் போட்டுப் பார்த்தேன். குரல் பஞ்சு வைத்த மாதிரி வந்தது, வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. அத்தனையையும் பேனாவால் அடித்தேன். வீட்டில் இருப்பதும் ஒரு பெண் குரல்தான் என்று அப்போதுகூட இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

பார்சல்கள் வர ஆரம்பித்தன. நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, டாக்டர் கூடாது என்று சொன்ன அளவுக்குச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, பேஸ் கம்பி அதிர்வதைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

மனைவி பேசும்போது முகத்தைப் பார்ப்பேன். முகம் சாதாரணமாக இருந்தால் "ம்" என்பேன். சிரித்தால் சிரிப்பேன். இந்த வித்தையிலேயே ஒரு வருஷம் ஓடியது. நான் முன்னைவிடப் பொறுமையாகிவிட்டேன், எதிர்த்துப் பேசுவதே இல்லை என்று தன் அக்காவிடம் சொல்லியிருக்கிறாள்.

ஒருநாள் பந்தலுக்கடியில் திராட்சைக் கொடிகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் வந்து நின்று ஏதோ சொன்னாள். தலையை ஆட்டினேன். சில நாள் கழித்துச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். அதற்கும் ஆட்டினேன். மூன்றாவது தரம் நான் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது எதிரே வந்து நின்றாள். முகம் வாடியிருந்தது, கண் கலங்கியிருந்தது. ரெக்கார்டு வாங்கிக் குவிப்பதற்குத்தான் வருத்தப்படுகிறாள் என்று நானாக முடிவு கட்டினேன். இதோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல மனசில்லை.

"பழம் வெட்டி முடியட்டும், பாத்துக்கலாம்" என்றேன்.

அவள் உள்ளே போனாள்.

நாலு மாதம் கழித்துப் பழம் வெட்டி முடிந்தது. மறுநாள் காலையில் குளித்து, வெளியூருக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு, கையில் பையோடு முன்னால் வந்து நின்றாள். எங்கே என்று கேட்டிருக்கலாம். ஏற்கெனவே சொல்லியிருப்பாளோ, கேட்டால் குட்டு உடைந்துவிடுமோ என்று பயந்து சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் போனேன். கம்பத்தில் தேனி பஸ் ஏறினோம். தேனியில் இறங்கி ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்வரை நாங்கள் எதற்குப் போகிறோம் என்றே எனக்குத் தெரியாது. இதைவிடக் கேவலம் ஒரு மனுஷனுக்கு என்ன இருக்கிறது?

லேடி டாக்டர் அவளைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு, வெளியே வந்து என்னிடம் பேசினார். முகக்கவசம் போட்டிருந்தார். உதடும் தெரியவில்லை, குரலும் வரவில்லை. நான் தலையை ஆட்டினேன். அவர் மறுபடி ஏதோ கேட்டார், கோபமாகக் கேட்டார் என்று புருவத்தில் தெரிந்தது. அதற்கும் ஆட்டப் போனேன். திரைக்குப் பக்கத்தில் ஜாக்கெட் கொக்கியை மாட்டிக்கொண்டு நின்ற மனைவியைப் பார்த்ததும் கழுத்து ஆடவில்லை.

"எனக்குக் காது கேக்காது டாக்டர்" என்றேன்.

அவர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். மார்பில் கட்டி. மிகவும் பெரிதாகிவிட்டது. ஐந்து மாதமாக இருக்கிறது. உங்களிடம் மூன்று முறை சொல்லியும் அறுவடை முடியட்டும் என்றீர்களாமே, ஏன்?

பரிசோதனைக்குத் தேதி வாங்கிக்கொண்டு கம்பம் பஸ்ஸில் உட்கார்ந்தோம். இன்ஜின் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. சின்னமனூர் தாண்டியதும் அவள் என் காதோடு வாயை வைத்தாள்.

"நெசமாவே உங்களுக்குக் கேக்கலயா?"

"கேக்கல. ஒரு வருசத்துக்கு மேலாவே கேக்கல."

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நோயை நினைத்து அழுகிறாள் என்று கையைப் பிடித்தேன். மறுபடியும் காதோடு வந்தாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எனக்குக் கேட்கவேண்டுமென்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"கேட்டுட்டுத்தான் சும்மா இருக்கீகன்னு நெனச்சுட்டேன். நான் செத்தாலும் இவுகளுக்குப் பரவாயில்ல போலன்னு நெனச்சுட்டேன். நல்ல வேள, அப்படி இல்ல."

டாக்டர் எழுதிய சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. அவள் இரண்டாம் தரமும் நல்ல வேளை என்று சொன்னாள்.